நாயைத் தங்கவைத்துப் பழக்கும் தொழில்: திருகோணமலையில் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தங்கவைத்துப் பழக்குவது என்றால் என்ன? எத்தனை நாள் எடுக்கும்?

வீட்டுக்காரர் நாயைக் கொண்டுவந்து விடுவார். நாய் உங்கள் வளவில் தங்கிச் சாப்பிட்டு, தினமும் பயிற்சி பெற்று வீடு திரும்பும். இருக்கச் சொன்னால் இருப்பது, படுப்பது, காத்திருப்பது, கூப்பிட்டதும் வருவது, கயிற்றை இழுக்காமல் நடப்பது, ஆட்களின் மேல் பாயாதிருப்பது ஆகியவைதான் அடிப்படைப் பாடங்கள். இவற்றுக்கு நான்கு வாரம் வேண்டும். இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் போடாதீர்கள். முதல் வாரம் நாய் இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடும். கடைசி வாரம் வீட்டுக்காரரைப் பழக்குவதில் போகும். இடையில் மிஞ்சும் இரண்டு வாரம்தான் நாய்க்கான பாடம்.

நாய் உங்கள் சொல் கேட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அந்த வீட்டு ஆட்களின் சொல்லைக் கேட்டால்தான் வாங்கிய காசுக்கு வேலை செய்ததாக அர்த்தம். கீழே கூடு, கட்டணம், கால அட்டவணை என்று சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

தனி ஆளாக எத்தனை நாய் எடுக்கலாம்?

நான்கு. தொடக்கத்தில் இரண்டு போதும்.

ஒரு நாய்க்கு ஒரு நாளில் என்ன தேவை என்று கூட்டிப் பாருங்கள். 10 நிமிடப் பாடம் நான்கு முறை, 20 நிமிட நடை இரண்டு முறை, சாப்பாடு, கூடு கழுவுதல், உண்ணி பார்த்தல் எல்லாமாக 40 நிமிடம். மொத்தம் இரண்டு மணி நேரம். நான்கு நாய்க்கு எட்டு மணி நேரம் வந்துவிட்டது. தொலைபேசி, சந்தை, மிருக வைத்தியரிடம் போய்வருவது எல்லாம் அதற்கு வெளியே. ஆறு நாய் எடுத்தால் வெட்டுப்படுவது பாடம்தான், ஏனென்றால் சாப்பாட்டையும் கழுவுதலையும் வெட்ட முடியாது. அப்புறம் நீங்கள் நடத்துவது பயிற்சிக்கூடமல்ல, வெறும் நாய் விடுதி.

எந்தப் பக்கம் இடம் பார்ப்பது?

நகரத்துக்குள், உவர்மலை போன்ற நெருக்கமான குடிமனைகளில், இரவுக் குரைப்பு ஒன்றே உங்களை மூடவைத்துவிடும். உப்புவெளிக்கு அப்பால் சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கமும் கன்னியாப் பக்கமும் 20 முதல் 40 பேர்ச்சஸ் வரை காணி உள்ளவர்களுக்கு வசதி. கூட்டிலிருந்து அடுத்த வீட்டுச் சுவர் வரை 100 அடியாவது இருக்கட்டும். நல்ல தண்ணீர்க் கிணறு, வாகனம் வரக்கூடிய பாதை, மாரியில் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் மூன்றும் கட்டாயம். காணியைப் பங்குனி வெயிலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கார்த்திகையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

கடலுக்கு மிக அருகிலும் வேண்டாம். உப்புக் காற்று சாதாரண இரும்புக் கீலையும் கொண்டியையும் இரண்டு மூன்று வருடத்தில் தின்றுவிடும். துருப்பிடித்த கொண்டிதான் நாய் தப்பியோட முக்கிய காரணம்.

என்ன பதிவுகள் தேவை?

தொழில் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதியுங்கள். நகரும் அதை ஒட்டிய பகுதியும் ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகத்துக்குள் வரும்; நிலாவெளி குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்குள் வரும். தொழில் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் அந்தப் பதிவு வேண்டும். பிறகு உங்கள் காணி எந்த உள்ளூராட்சி சபைக்குள் வருகிறதோ அங்கே போய் வியாபார அனுமதி, வரி பற்றி எழுத்தில் கேளுங்கள். கட்டுவதற்கு முன் கேட்பது முக்கியம். கழிவு எங்கே போகிறது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார்; ஊறல் குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் திருத்தச் சொல்வார், அது நியாயமும்தான்.

நாய்களைப் பதிவு செய்வதும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவதும் இலங்கையில் பழைய சட்டம். விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலும் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தவை. ஆகவே ஊசி அட்டை இல்லாத நாயை உள்ளே எடுக்காமல் இருப்பது வாடிக்கையாளருக்கு நீங்கள் காட்டும் கடுமையல்ல.

கூடு எப்படிக் கட்டுவது?

லாப்ரடோர், அல்சேஷன் அளவு நாய்க்கு 5 அடி அகலம், 10 அடி நீளம். அதில் பின்பக்கம் 4 அடி முழுக் கூரையும் மறைப்பும், மிகுதி காற்றோட்டமான முன்பகுதி. கூடுகளுக்கு இடையில் 4 அடி உயரத்துக்குக் கல் சுவர் எழுப்புங்கள். வெறும் வலை வைத்தால் நாய்கள் மூக்கோடு மூக்கு வைத்து நாள் முழுதும் உறுமும். இருமல் நோயும் அதே வழியில் பரவும். சுவருக்கு மேலே 7 அடி வரை கம்பி வலை. துத்தநாகப் பூச்சுள்ள ஜீ.ஐ. குழாயும் ஒட்டிய கட்ட வலையும் போடுங்கள். முறுக்கு வலையைப் பலமான நாய் பல்லால் பிரித்துவிடும்.

தரையை நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்து முன்பக்கக் கானுக்குத் தண்ணீர் ஓடவிடுங்கள். சீமெந்தை வழுவழுப்பாக இழைக்கக் கூடாது. ஈரத்தில் வழுக்கி நாயின் முழங்கால் போகும். தும்புத்தடியால் லேசாகக் கீறி விட்டால் போதும். அதே நேரம் வெடிப்பும் இருக்கக் கூடாது, அதற்கான காரணம் உண்ணி பற்றிய பதிலில் வருகிறது. படுக்க 4 அங்குலம் உயர்த்திய பலகை.

கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். அப்போது நாய் தள்ளினால் கதவு மூடும், திறக்காது. கீழ் இடைவெளி 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கூட்டுக் கதவுக்கும் வெளிப் படலைக்கும் நடுவே இன்னொரு படலை கட்டாயம். இந்த நடுப் படலைக்குக் காசு இல்லையென்றால் கூட்டின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அதைக் கட்டுங்கள். வந்த முதல் மூன்று நாளில் தப்பிய நாய்க்கு உங்கள் குரலும் தெரியாது, வீட்டுக்குப் பாதையும் தெரியாது. ஆகவே அந்த நாட்களில் வெளியே எடுக்கும்போது கழுத்துப்பட்டி, மார்புப்பட்டி இரண்டிலும் கயிறு மாட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு கூடு மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியாக வேண்டும். புதிதாக வரும் நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் அது.

வெயிலையும் மாரியையும் எப்படிச் சமாளிப்பது?

சித்திரை முதல் புரட்டாதி வரை காலை 8 மணிக்கு மேல் பாடம் வேண்டாம். விடிய 5.30 முதல் 8 வரை, மாலை 5க்குப் பிறகு. தார் வீதியில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. தகரக் கூரைக்கு மேல் கிடுகு போடுங்கள்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41 பாகையைத் தொட்டால் உயிராபத்து. நிற்காத இளைப்பு, தடித்த எச்சில், சிவந்த முரசு (பல் ஈறு), தள்ளாட்டம் கண்டால் நிழலுக்கு எடுத்து உடல் முழுதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியைப் போடுங்கள். குளிர்விக்கத் தொடங்கிய பிறகுதான் வாகனத்தைத் தேட வேண்டும். ஈரத் துவாயால் போர்த்தி வைப்பது பிழை, சூடு உள்ளேயே நிற்கும். பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களை அந்த மாதங்களில் எடுக்காமல் விடுவது நல்லது.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழை. வெளிப் பாடம் பல நாள் தடைப்படும். 20 அடிக்கு 20 அடி கொட்டில் ஒன்று இருந்தால் அடிப்படைப் பாடங்களை அதற்குள் நடத்தலாம். இல்லாவிட்டால் அந்த மாதங்களில் 28 நாளுக்குப் பதில் 35 நாள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மழைக்கு எலி வரும், எலியின் சிறுநீரோடு எலிக்காய்ச்சல் வரும். தீனியை மூடியுள்ள வாளியில் வையுங்கள், கழுவும்போது சப்பாத்தும் கையுறையும் போடுங்கள்.

எந்த நாயை எடுக்கலாம்? எதை மறுக்க வேண்டும்?

ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையான ஆரோக்கியமான நாய்கள் தொடக்கத்துக்குச் சரி. ஊர் நாயா உயர்சாதி நாயா என்பது பிரச்சினையே அல்ல. ஊர் நாய்கள் வேகமாகப் படிக்கும். ஆனால் புது ஆளை நம்ப இரண்டு மூன்று நாள் கூட எடுக்கும்.

மனிதரைக் கடித்த வரலாறுள்ள நாயை முதல் வருடத்தில் எடுக்காதீர்கள். பருவத்தில் இருக்கும் பெட்டையை எடுத்தால் மூன்று வாரத்துக்கு வளவில் உள்ள கடுவன்கள் ஒன்றும் படிக்காது, ஊர்க் கடுவன்கள் மதிலேறி வரும். தனியே விட்டால் பதறிக் கதவைப் பிறாண்டும் நாய்க்கு இடமாற்றம் வருத்தத்தைக் கூட்டும். அதை அதன் வீட்டுக்குப் போய்த்தான் பழக்க வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் வீட்டு வருகைதான். ஊசி முடியாத குட்டி நாய்க்கூட்டுப் பக்கமே வரக் கூடாது.

நாய் வந்து இறங்கும் அன்று என்ன பார்க்க வேண்டும்?

ஊசி அட்டையில் விசர்நோய் ஊசியும், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்குமான கூட்டு ஊசியும் இருக்க வேண்டும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்திருக்க வேண்டும், நேற்றுப் போட்டது இன்று காக்காது.

நிறையை எடுத்து எழுதுங்கள். காது, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ் உண்ணி பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி முரசின் நிறத்தைப் படம் எடுங்கள். இதையெல்லாம் வீட்டுக்காரர் நிற்கும்போதே செய்ய வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும். வீட்டில் தொற்றியது உங்கள் கூட்டில் வெளிப்பட்டால் பழி உங்களுக்குத்தான் வரும். அந்தப் படமும் அவருடைய கையொப்பமும் அப்போது பேசும்.

அது வழக்கமாகச் சாப்பிடும் உணவு ஏழு நாளுக்கு அவரே கொண்டுவரட்டும். சோறும் மீனும் தின்று வளர்ந்த நாய்க்கு அன்றைக்கே உலர் தீனி போட்டால் மறுநாள் வயிற்றோட்டம்தான். புதியதை நான்கில் ஒரு பங்காகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

முதல் நாட்களில் சாப்பிடாவிட்டால்?

ஒரு நாள் சாப்பிடாதது வழமை. வளர்ந்த நாய் 48 மணி நேரத்தைத் தாண்டினாலோ, வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், வெளிறிய முரசு தெரிந்தாலோ உடனே மிருக வைத்தியர். முதல் மூன்று நாள் கட்டளை எதுவும் வேண்டாம். கையால் சாப்பாடு கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், பெயரைச் சொல்லி ஒரு சிறு தீனித் துண்டு கொடுங்கள்.

பாடத்தை எப்படி நடத்துவது?

6 அடிக் கயிறு, 30 அடி நீளக் கயிறு, தட்டையான கழுத்துப்பட்டி, இடுப்பில் கட்டும் பை, இவ்வளவுதான் கருவிகள். துண்டுகள் பட்டாணி அளவு. அவித்த ஈரலும் கோழியும் நல்லது. நெத்தலிக் கருவாடு கொடுப்பதானால் இரண்டு தண்ணீரில் ஊறவைத்து உப்பெடுங்கள். பாடத்துக்குக் கொடுத்ததைச் சாப்பாட்டில் கழியுங்கள்.

படலைப் பாடத்தைப் பாருங்கள். நாய் படலைக்கு முன் இருக்கிறது. உங்கள் கை கொண்டியை நோக்கிப் போகிறது. நாய் எழுந்தால் கை திரும்பி வருகிறது, அதட்டவில்லை, இழுக்கவில்லை. நாய் மறுபடி இருந்ததும் கை மறுபடி போகிறது. கொண்டி ‘டிக்’ என்கிறது, நாயின் பின்பக்கம் தரையை விட்டு ஒரு அங்குலம் எழுகிறது, கை விலகுகிறது. ஏழெட்டு முறைக்குள் நாய் கொண்டியை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த விநாடியில் துண்டைக் கொடுத்துப் படலையைத் திறங்கள். இருந்தால்தான் படலை திறக்கும் என்று அதற்கு விளங்கிவிட்டது. இதே பாடத்தைச் சங்கிலியைச் சுண்டிச் சுண்டியும் கற்பிக்கலாம். ஆனால் அப்படிக் கற்ற நாய் சுண்டும் கை இல்லாத இடத்தில் ஓடிவிடும். வீட்டில் இருக்கப்போகும் கை பெரும்பாலும் ஒரு வயதானவருடையது அல்லது பிள்ளையுடையது.

சொற்களை வீட்டுக்காரரிடம் கேட்டே தெரிவு செய்யுங்கள். அவர்கள் ‘சிட்’ என்றால் சிட், ‘இரு’ என்றால் இரு. ‘வா’ மட்டும் வேண்டாம். வீட்டில் ஆளுக்கு ஆள் நாள் முழுதும் சொல்லும் சொல் அது, நாய் அதைக் கேட்டும் கேளாததாகப் பழகியிருக்கும். கூப்பிட வேறொரு சொல்லோ விசிலோ வையுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். பெரிய சாதி நாய்களுக்கு வயிறு முறுகும் ஆபத்து உண்டு.

“காவலுக்குக் கடிக்கப் பழக்கித் தருவீர்களா?”

அதிகம் வரும் கேள்வி இது. இல்லை என்று சொல்லுங்கள். கடிக்கப் பழக்கிய நாயைக் கட்டுப்படுத்தத் தேர்ந்த ஆள் ஒருவர் எப்போதும் அதனோடு இருக்க வேண்டும். பொலிஸ் நாய்களுக்கு அப்படி ஆள் இருக்கிறார், வீட்டில் இல்லை. கடைசியில் கடிபடுவது தபால்காரரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும். அவருக்கு உண்மையில் வேண்டியது இரவில் ஆள் வந்தால் தெரிய வேண்டும் என்பதே. படலைச் சத்தத்துக்குக் குரைத்து, சொன்னதும் நிறுத்தும்படி பழக்கலாம். அதைச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள்.

வெளியே எங்கே பழக்குவது?

வளவுக்குள் பத்துக்குப் பத்து முறை செய்யும் நாய் சந்தியில் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். ஆகவே மூன்றாம் வாரம் வெளியே எடுக்க வேண்டும். ஊர் நாய்கள் குறைந்த ஒழுங்கை, பிறகு கடைத்தெரு ஓரம், பிறகு உப்புவெளிக் கடற்கரை. நகரத்தில் பிரெட்றிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் வீதியிலேயே திரிகின்றன. மானைத் துரத்திப் பழகிய நாய் வாகனத்தில் அடிபடும். மான் கால் முறியும். நீளக் கயிற்றோடு 150 அடி தூரத்தில் தொடங்கி, நாய் மானைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தீனித் துண்டைக் கூலியாகக் கொடுத்து, நாளுக்கு நாள் தூரத்தைக் குறையுங்கள். கயிற்றை அங்கே ஒருபோதும் கழற்றக் கூடாது.

கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்த இடத்தைத் தவிருங்கள். மணலில் தூண்டில் முள் கிடக்கும். வேண்டாமென்று எறிந்த பேத்தை மீனும் கிடக்கும். பேத்தையின் நஞ்சு நாயின் உடலைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்திவிடும், மாற்று மருந்தும் இல்லை. “விடு” என்ற பாடம் உறுதியாகாத நாயை மணலுக்கே கொண்டுபோகாதீர்கள்.

உண்ணியும் பார்வோவும் வராமல் எப்படிப் பார்ப்பது?

நாய் உண்ணி நாயில் மட்டும் வாழ்வதில்லை. இரத்தம் குடித்த பெட்டை உண்ணி இறங்கிச் சுவரேறி, வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டால் அடுத்த மாதம் மறுபடி வரும். வெடிப்புகளைச் சாந்தால் அடையுங்கள், மிருக வைத்தியர் சொல்லும் மருந்தை நாயை வெளியே எடுத்துவிட்டுச் சுவருக்கு அடித்து, இரண்டு வாரத்தில் மீண்டும் அடியுங்கள்.

பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மணக்கும் பினைல் வகை அதைக் கொல்லாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கை முழுதும் கழுவுங்கள். மலம் ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும். பிறகு 5 சதவீத பிளீச்சை 10 லீற்றர் வாளித் தண்ணீருக்கு 330 மில்லிலீற்றர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு, அலசிக் காயவையுங்கள். நேற்றுக் கலந்தது இன்று உதவாது. தனிக்கூட்டுக்குத் தும்புத்தடியும் பாத்திரமும் வேறு. அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும்.

நாய் கடித்துவிட்டால்?

ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். நாயைக் கட்டி 14 நாள் கண்காணியுங்கள். தொழில் தொடங்கும் முன்பே விசர்நோய்க்கு முற்காப்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாய் பொருதினால் நடுவில் கை வைக்காமல் குழாய்த் தண்ணீரை முகத்தில் அடியுங்கள்.

“உங்களிடம் நன்றாகக் கேட்டது, வீட்டில் கேட்கவில்லை” என்று வந்தால்?

இந்தத் தொழிலின் பெரும்பாலான சண்டை இதுதான். பணம் அனுப்புகிறவர் கனடாவிலோ கட்டாரிலோ இருப்பார். நாயோடு இருப்பவர் அம்மம்மா. ஒப்படைக்கும் அன்று வந்து நிற்பவர் தம்பி. பழகியவர் யாருமில்லை.

தொடக்கத்திலேயே கேளுங்கள்: நாய்க்குச் சோறு வைப்பவர் யார்? அவர் கடைசி வாரத்தில் மூன்று முறை, 45 நிமிடம் வீதம் வர வேண்டும். வர முடியாதென்றால் நீங்கள் அங்கே போக வேண்டும். அதுவும் முடியாதென்றால் நாயை எடுக்காதீர்கள். முதல் முறை அவர் பார்க்கட்டும், இரண்டாம் முறை நீங்கள் பக்கத்தில் நிற்க அவர் செய்யட்டும், மூன்றாம் முறை நீங்கள் மதிலுக்குப் பின்னால் நில்லுங்கள். 30 கிலோ நாயை அம்மம்மாவால் பிடிக்க முடியாவிட்டால் நடைப் பாடத்தை விட்டு, பாயில் படுத்திருக்கும் பாடத்தை அவருக்குக் கொடுங்கள். நடைக்குத் தம்பியைப் பழக்குங்கள்.

வீடு போன 3ஆம், 10ஆம், 30ஆம் நாளில் நீங்கள் அங்கே போக வேண்டும். முதல் ஒரு வாரம் நாய் வீட்டுக்குள்ளும் கயிற்றோடு இருக்கட்டும், விருந்தாளி வேண்டாம். பயிற்சிக் காலத்தில் வட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்கு ஒரு நிமிடக் காணொளி அனுப்புங்கள், நாய் பிழை விடுவதையும் சேர்த்து. சரியானதை மட்டும் காட்டினால் வீட்டில் பிழை விடும்போது ஏமாந்ததாக நினைப்பார்கள்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது?

28 நாள், நாளுக்கு 2 மணி நேரம், அது 56. ஒப்படைப்புப் பாடங்களும் வீட்டு வருகைகளும் ஏறக்குறைய 8. மொத்தம் 64 மணி நேரம், அதாவது எட்டு முழு வேலைநாள். ஒரு நல்ல மேசன் வாங்கும் நாட்கூலியைவிடக் குறைவாக உங்கள் நாளை மதிக்காதீர்கள். அதோடு தீனி (30 கிலோ லாப்ரடோருக்கு நாளுக்கு 350 முதல் 400 கிராம் உலர் தீனி, மாதம் 11 கிலோ வரை), துப்புரவு, மின்சாரம், பெற்றோல், கூட்டின் தேய்மானம். நான்கு கூடு இருந்தாலும் முதல் வருடம் இரண்டுதான் நிரம்பும் என்று வைத்தே கூட்டுங்கள். பாதி முற்பணம், மீதி ஒப்படைக்கும் முன்.

ஒப்பந்தத்தில் மிருக வைத்தியச் செலவு எவ்வளவு வரை கேட்காமல் செய்யலாம், வீட்டுக்காரர் தொடர்பில் இல்லாவிட்டால் முடிவெடுப்பவர் யார், குறித்த நாளில் நாயை எடுக்காவிட்டால் நாள் வாடகை எவ்வளவு, ஏழு நாள் தாண்டினால் என்ன என்பவை இருக்க வேண்டும். “நூறு வீதம் உத்தரவாதம்” என்ற சொல் எங்கும் வேண்டாம். மூன்று வருகை தருவோம் என்பதுதான் நீங்கள் உறுதியாகத் தரக்கூடியது.

குரைப்புச் சத்தம் என்று அயலவர் முறையிட்டால்?

முதல் கூடு கட்டும் முன்பே சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்லி உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். பெரும்பாலான இரவுக் குரைப்பு வீதியில் போகும் நாயைக் கண்டு வருவது. வீதிப் பக்க வலையை 5 அடிக்குக் கிடுகால் மறைத்தால் குறையும். தீபாவளி வெடிக்கும் ஐப்பசி இடிக்கும் கூட்டுக்குள் வானொலியைப் போட்டு நீங்களும் அங்கே இருங்கள், அந்த இரவுகளில் கதவுக் கொண்டிகளை இரண்டு முறை பாருங்கள். அதன் பிறகும் ஒரே நாய் மூன்று இரவு தொடர்ந்து குரைத்தால் அதன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நாயைத் திருப்பி அனுப்பி, வீட்டு வருகையாக மாற்றுங்கள். மிச்சப் பணத்தைக் கணக்குப் பார்த்து அன்றே கொடுத்துவிடுங்கள்.